சாவி, நாரை, விளக்கு, செருப்பு

இருபத்தேழு வயதுவரை நெவில் பிரிண்ட்லியை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. பர்ஸ்லம் ஊரில் ஒரு பீங்கான் ஆலையில் தேநீர்க் குடுவைகளுக்கு மூக்கும் கைப்பிடியும் ஒட்டுவது அவன் வேலை. நாளொன்றுக்கு இருநூறு குடுவைகள் ஒட்டுவான். கைப்பிடி கையோடு வந்தால்தான் யார் ஒட்டியது என்று கேட்பார்கள். நெவில் ஒட்டிய கைப்பிடி கழன்றதே இல்லை என்பதால் அவனை யாருமே கேட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு 1974 இலையுதிர்காலத்தில் டார்பியிலிருந்தும் மான்செஸ்டரிலிருந்தும் கடிதங்கள் வந்தன. எல்லாம் ஒரே ஒரு கட்டுரையால்.

மெதடிஸ்ட் ஆலயத்தின் பின்புறம் இருந்த ஞாயிறு பள்ளி அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு கூட்டம் கூடும். புரோகிரஸிவ் ராக், அதாவது ‘முன்னே போகிற’ ராக், கேட்பவர்கள் கூட்டம். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் ஏழு தடவை மாறும். கடைசியில் ஆர்கன் வந்து கோயில் கட்டும். பொதுவாக ராக் என்றாலே முகம் சுளிக்கும் போதகர், ஆலயத்து வாத்தியமான ஆர்கன் வருவதால் இதற்கு இடம் கொடுத்திருந்தார். கூட்டத்தார் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பெயர் ‘இருபது நிமிடம்’. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, படியெடுக்கும் இயந்திரத்தைக் கையால் சுற்றி, நூற்று நாற்பது பிரதிகள் எடுப்பார்கள். நெவில்தான் ஆசிரியர்.

அந்தக் கோடையில் சால்ட் அல்மனாக் என்ற ஐவர் குழு ‘தோணிக்காரர்கள்’ என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. இந்த ஐவருக்கும் எண்கள் பிடிக்காது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று போடுவது மளிகைக் கடைக்காரன் வேலை என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்கள். நான்கு பக்கங்களுக்கும் எண்ணுக்குப் பதில் படம் போட்டிருந்தார்கள். முதல் தட்டில் ஒருபுறம் சாவி, மறுபுறம் செருப்பு. இரண்டாம் தட்டில் ஒருபுறம் நாரை, மறுபுறம் விளக்கு. பாட்டு வரிகளை உறையின் உள்ளே வட்டமாக அச்சடித்திருந்தார்கள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாது. படிக்க வேண்டுமானால் உறையைக் கையில் வைத்துச் சுற்ற வேண்டும்.

லண்டன் இசை வார இதழ் ஒன்றில் அட்ரியன் வேல் என்ற விமர்சகர் இந்த ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். “சாவிப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு தோணிக்காகச் சண்டை போடுகிறார்கள். செருப்புப் பக்கத்தில் தம்பி ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறான். நாரைப் பக்கத்தில்தான் அவன் வீட்டை விட்டே போகிறான்! விளக்குப் பக்கத்தில் அண்ணன் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவன் காத்திருக்கும்போதே தட்டு முடிந்துவிடுகிறது. முன்னே போகிறோம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு எது முன், எது பின் என்றாவது தெரிய வேண்டாமா?”

அதைப் படித்த அன்று நெவிலுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் அந்த ஆல்பத்தை முப்பது தடவையாவது கேட்டிருப்பான். ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினான். திரும்பி வருவது போவதற்கு முன்னால் வருவது பிழையில்லை, அதுதான் இதன் உயிர் என்றான். கடவுளின் கிருபை அப்படித்தான். நாம் தப்புச் செய்வதற்கு முன்பே மன்னிப்பு நமக்காகக் கிளம்பிவிடுகிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முடியாமல் முடிவது, தேவன் காத்திருப்பதற்கு முடிவில்லை என்பதைச் சொல்கிறது. உண்மையில் முன்னே போவது என்றால் இதுதான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறவருக்கு இது எட்டாது என்று முடித்திருந்தான்.

கட்டுரை கைமாறிக் கைமாறி லண்டன்வரை போனது. கூட்டத்துக்குப் புதிதாகப் பத்துப் பேர் வந்தார்கள். விமர்சகர் அட்ரியன் வேலே ஓர் அஞ்சலட்டை எழுதினார்: என்னைத் திட்டி எழுதிய நாற்பது பேரில் மரியாதையாக எழுதியது நீங்கள் ஒருவர்தான், அழைத்தால் வந்து வாதாடத் தயார். நவம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ‘இந்த இசைக்குப் பொருள் உண்டா?’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கீழே ‘நெவில் பிரிண்ட்லி எதிர் லண்டன் விமர்சகர்’ என்று குத்துச்சண்டை மாதிரிப் போட்டது கிளிஃப் பாட்மோர். பேருந்து நடத்துநர். நெவிலின் பள்ளித் தோழன். வாய் ஓயாது.

இதெல்லாம் சந்தோஷமான விஷயங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் தலை குனியும்போது நெவிலுக்கு வேறொன்று நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் திருமதி பெரில் ஷெரட்.

பெரில் வேறோர் ஆலையில் பீங்கான் தட்டுகளின் விளிம்பில் தங்கக் கோடு இழுப்பவர். வயது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தேநீர் போட வந்தவர், சமையலறைச் சன்னல் வழியாக மூன்று வாரம் கேட்டுவிட்டு, நான்காம் வாரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ‘தோணிக்காரர்கள்’ வாங்கிக் கேட்டுவிட்டுப் பத்திரிகைக்கு ஒரு கடிதமும் எழுதினார். அதே இதழில்தான் நெவிலின் கட்டுரையும் வந்தது. கடிதம் சின்னது. “அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள், கடைசியில் சேர்கிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கேட்டு முடித்ததும், பன்னிரண்டு வருடமாகப் பேசாமலிருந்த என் தம்பிக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.”

கடைசியில் சேர்கிறார்களா? இந்த அம்மா கடைசிவரை கேட்கவே இல்லை என்று நெவில் முடிவு செய்தான். கடிதத்தின் கீழே ஓர் அடிக்குறிப்பு போட்டான்: “திருமதி ஷெரட்டின் காது கெட்டிலின் விசிலுக்குப் பழகியது. இந்த இசைக்கு இன்னும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். — ஆசிரியர்.”

நூற்று நாற்பது பேர் சிரித்திருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை பெரில் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது. எழுதிய நிமிடத்தில் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்த அந்த இரண்டு வரி, நாள் ஆக ஆக நெவிலுக்குச் சின்னத்தனமாகத் தெரிந்தது. தம்பிக்குக் கடிதம் எழுதினேன் என்று சொன்னவரைப் போய்க் கெட்டில் என்றல்லவா சொல்லியிருக்கிறோம்.

விவாதத்துக்கு இரண்டு நாள் முன்பு வியாழக்கிழமை. பர்ஸ்லத்தில் வியாழன் அரைநாள்தான் கடை. ஆலையிலும் அன்று மதியத்தோடு வேலை முடிந்தது. நெவில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஷெரட் வீட்டுக் கதவைத் தட்டினான்.

பெரில் கையில் இஸ்திரிப் பெட்டியோடு திறந்தார். “அட, ஆசிரியரா! வாங்க கண்ணு. காலைத் துடைச்சிட்டு வாங்க, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்.”

“மிஸஸ் ஷெரட், சனிக்கிழமை கூட்டத்துக்கு... தேநீர்...”

“எனக்குப் பதிலா எட்னா போடுறா இல்ல?”

“போடுறாங்க. ஆனா...”

“கழுவின தண்ணி மாதிரி இருக்குமே! உக்காருங்க. இன்னும் மூணு சட்டை இருக்கு. முடிச்சிட்டுப் பேசறேன்.”

மூலையில் ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த பழைய ரேடியோகிராம் ஒன்று நின்றது. அலமாரி மாதிரி உயரம். மேலே குரோஷா விரிப்பு, அதன்மேல் பீங்கான் நாய் இரண்டு. முன்கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாவிப் பக்கம்தான். தோணியின் பாதி யாருக்கு என்று அண்ணன் கத்தும் இடம். நெவில் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது. பெட்டிக்குள் ஊசி பொருத்திய கை தானாகத் தூக்கிக்கொண்டது. டக் என்று மேலே காத்திருந்த இரண்டாவது தட்டு விழுந்தது. கை திரும்ப இறங்கியது. நாரைப் பக்கம் ஆரம்பமானது.

“இது அடுத்தது இல்லியே” என்றான் நெவில்.

“எது கண்ணு?”

“சாவிக்கு அப்புறம் தட்டைத் திருப்பிப் போடணும். செருப்பு வரணும்.”

“இது நம்ம சொன்னா கேக்குற பெட்டியா? ரெண்டு தட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா கம்பில மாட்டிட்டா அதுவே ஒவ்வொண்ணா போட்டுக்கும். முடிஞ்சதும் ரெண்டையும் அப்பளம் திருப்புற மாதிரி ஒண்ணா திருப்பி மாட்டுவேன். நமக்குத் துணி தேய்க்க வசதி.”

நெவில் எழுந்து நின்றான். ஒன்றாகத் திருப்பினால் விளக்கு வரும். அதற்குப் பிறகு செருப்பு. சாவி, நாரை, விளக்கு, செருப்பு. சண்டை, பிரிவு, காத்திருப்பு, வருகை.

இசையைப் பெரிதாக மதிப்பவர்கள் யாரும் தானாகத் தட்டு மாற்றும் பெட்டியைத் தொடமாட்டார்கள். தட்டின்மேல் தட்டு விழுந்து கீறிவிடும் என்று அதை ஏளனம் செய்வார்கள். நெவிலிடம் இருந்தது ஒவ்வொரு தட்டாகக் கையால் வைக்கிற நல்ல இயந்திரம். லண்டன் விமர்சகரிடமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் இந்தத் தட்டுகளை அச்சடித்தவர்கள், பெரில் வீட்டில் இருப்பதைப் போன்ற பெட்டிகளை நினைத்து அச்சடித்திருந்தார்கள்.

“உங்க மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் தர்றீங்களா?” என்று நெவில் கேட்டான்.

பெட்டியை நிறுத்தித் தட்டுகளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பாட்டு முடிந்த பிறகு நடுவில் ஒரு வெற்று வளையம் வரும். அதில் தட்டு அச்சடிப்பவர்கள் ஊசியால் கீறினதுபோலச் சின்ன எழுத்துகளும் எண்களும் இருக்கும். சாவிப் பக்கத்தில் கடைசி எண் ஒன்று. நாரையில் இரண்டு. விளக்கில் மூன்று. செருப்பில் நான்கு. முப்பது தடவை கேட்டவன் ஒரு தடவை அங்கே கண்ணை வைத்ததில்லை.

“உங்களுக்கு இது தெரியுமா?”

பெரில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “உங்க கட்டுரையைப் படிச்ச அன்னிக்கே தெரிஞ்சுது. என் வீட்டுக்காரர் ஸ்டானுக்குப் படிச்சுக் காட்டினேன். ‘இந்தப் பையன் தட்டை மாத்திப் போட்டுட்டு வேதாந்தம் பேசறானே’ன்னார் அவர்.”

“ஏன் எழுதல?”

“எழுதினேன் கண்ணு. சும்மா இருப்பேனா? அடிக்குறிப்பைப் பாத்த சூட்டுல நல்லாவே எழுதினேன். கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். அங்க போனா உங்க கிளிஃப் நிக்கிறார். போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் பத்திரிகையைக் காட்டி, ‘எங்க நெவில் எழுதினது, எங்க நெவில்’னு ஒரே பெருமை. இதைப் போட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தேன். திரும்பி வந்து அடுப்புல போட்டுட்டேன்.”

“அப்போ கோவத்துல வராம இருக்கலியா?”

“கோவம்தான். ரெண்டு வாரம் நல்ல கோவம். அதுக்கு அப்புறம் பயம். எனக்கு வாய் நிக்காது. அங்க வந்து உக்காந்தா ஒருநாள் சொல்லித் தொலைச்சிடுவேனோன்னு வரல.”

நெவில் உட்கார்ந்துவிட்டான். ஏழு வாரமாக இந்த அம்மா தன்மேல் வன்மம் வைத்திருப்பதாக நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தான். அவரோ அவனைக் காப்பாற்றுவதற்காக வீட்டோடு அடைந்து கிடந்திருக்கிறார்.

“மன்னிச்சிடுங்க, மிஸஸ் ஷெரட். அந்த அடிக்குறிப்பு...”

“மன்னிச்சு எப்பவோ ஆச்சு. நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க.” பெரில் சிரித்தார். “நீங்க எழுதினபடியே நடக்குது பாத்தீங்களா? தட்டு தப்பு. ஆனா சொன்ன விஷயத்தைத் தப்புன்னு என்னால சொல்ல முடியல. இந்தாங்க, ஓட்ஸ் அடை இருக்கு, சீஸ் வச்சு சாப்பிடுங்க. முகம் வெளுத்துப் போச்சு.”

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஒரு பாரம் இறங்கியிருந்தது. ஆனால் பத்து அடி நடப்பதற்குள் இன்னொன்று ஏறிக்கொண்டது. நாளை மறுநாள் அறுபது பேருக்கு முன்னால் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது கிளிஃபின் பேருந்தில் ஏறி விஷயத்தைச் சொன்னான். கிளிஃப் டிக்கெட் கிழிப்பதையே நிறுத்திவிட்டான்.

“டேய், அப்போ அந்த லண்டன்காரன் தட்டை மாத்திப் போட்டுட்டு விமர்சனம் எழுதியிருக்கானா!”

“நானும்தான்.”

“உன்னை விடு. நாளைக்கு மேடையில அவன் பேசி முடிக்கட்டும். நீ எந்திரிச்சு, ‘ஐயா, நாலு பக்கத்தையும் எந்த வரிசையில கேட்டீங்க’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. அப்புறம் அந்த நம்பரைக் காட்டு. ஆள் அங்கேயே காலி.”

“என் கட்டுரை?”

“அதை எவன்டா தேடி எடுத்துப் பாக்கப்போறான்? ‘நான் சொன்னது உட்பொருள்’னு சொல்லிடு. உனக்கா வார்த்தைக்குப் பஞ்சம்?”

“பொய் ஆகுமே கிளிஃப்.”

“பொய்யா? உனக்கு ஒரு பேரு வந்திருக்குடா. கைப்பிடி ஒட்டறவனுக்கு லண்டன்லேர்ந்து ஆள் வருது. அதைக் கொண்டு போய்க் கால்வாயில போடப்போறியா?” பின்னால் ஒரு பெண்மணி, “தம்பி, நான் இறங்கணும், மணியை அடிக்கிறியா, இல்ல உன் கதை முடியட்டுமா?” என்றார். கிளிஃப் மணியை அடித்தான்.

அன்று முழுவதும் நெவில் கைப்பிடிகளை ஒட்டினான். கிளிஃப் சொன்னது இனிப்பாகத்தான் இருந்தது. அந்த விமர்சகர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியில் பதில்! இரண்டு தடவை தனக்குள்ளேயே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை கேட்கும்போது, தபால் பெட்டியின் வாயருகே கவரைப் பிடித்தபடி நின்ற பெரில் நினைவுக்கு வந்தார். அவர் கையிலும் இதே ஆயுதம் இருந்தது. அவர் திரும்பி நடந்து வீட்டுக்குப் போனார். மாலையில் நெவில் சின்னதாக ஒரு ஜெபம் செய்தான். தைரியம் கேட்கவில்லை, அது அவனுக்கு வராது என்று அவனுக்கே தெரியும். வாய் குழறாமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை மழை. இரண்டு மணிக்கே ஞாயிறு பள்ளி அறை நிரம்பிவிட்டது. பெஞ்சுகள் போதாமல் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளையும் எடுத்துப் போட்டார்கள். நீண்ட தலைமுடிக்காரர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெரில் வந்திருந்தார். எட்னாவைத் தள்ளிவிட்டுத் தேநீர்ப் பாத்திரத்தின் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

அட்ரியன் வேல் பெரிய ஆளாக இருப்பார் என்று நெவில் நினைத்திருந்தான். வந்தவர் இருபத்துநான்கு வயதுப் பையன். மெல்லிய காலணி முழுக்க நனைந்திருந்தது. இருமிக்கொண்டிருந்தார். பெரில் அவரைப் பார்த்தார். வேறு யோசனையே இல்லாமல் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் அடுப்பருகே உட்கார வைத்து, காலணியைக் கழற்றச் சொன்னார். நெவில் பின்னாலேயே போனான்.

“மிஸ்டர் வேல், மேடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க ‘தோணிக்காரர்கள்’ எந்த வரிசையில கேட்டீங்க?”

“சாவி, செருப்பு, நாரை, விளக்கு. ஏன்?”

நெவில் கொண்டுவந்திருந்த இசைத்தட்டுகளை எடுத்து, நடு வளையத்தில் இருந்த எண்களைக் காட்டினான். வேல் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பெரிலிடம் நீட்டினார். பெரில் அதை வாங்கி வைத்தார்.

“ஐயோ” என்றார் வேல். “ஆசிரியர் சாயங்காலத்துக்குள்ள வேணும்னார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். இதுக்கு முந்தின அவங்க ரெண்டு ஆல்பமும் எனக்கு உசிருங்க. இது ஏன் இப்படி ஆச்சுன்னு வருத்தத்துலதான் அவ்வளவு கடுமையா எழுதினேன்.” காலணியை அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினார். “இதை மேடையில சொல்லப்போறீங்களா?”

“என்னுதைச் சொல்லப்போறேன். நானும் அப்படித்தான் கேட்டேன், நாலு பக்கம் எழுதினேன். உங்களுது உங்ககிட்ட. அதை நான் எடுக்கமாட்டேன்.”

“ரெண்டு பேருமே பேசாம இருந்துட்டா? சும்மா பொதுவா வாதாடிட்டு...”

நெவில் கதவைப் பார்த்தான். கதவுக்கு அப்பால் அறுபது பேரின் சத்தம் கேட்டது. பெரில் முதுகைக் காட்டியபடி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எதுவும் கேட்காதது போலவே இருந்தார்.

“முடியாதுங்க” என்றான் நெவில். “சரியாக் கேட்ட ஒருத்தரை நான் அச்சுல கேலி பண்ணியிருக்கேன்.”

போதகர் தலைமை. முதலில் பேசும்படி நெவிலை அழைத்தார். கிளிஃப் முன் வரிசையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நெவில் கட்டுரையை எடுக்கவில்லை. தட்டை எடுத்தான்.

“நண்பர்களே, ரெண்டு மாசமா நீங்கள்லாம் என்னைப் பாராட்டினீங்க. அந்தக் கட்டுரை தப்பு. நான் பக்கங்களை மாத்திப் போட்டுக் கேட்டிருக்கேன்.”

கிளிஃப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நெவில் நம்பர்களைச் சொன்னான். ரேடியோகிராமைச் சொன்னான். “இந்த அறையில சரியாக் கேட்டது மிஸஸ் ஷெரட் ஒருத்தர்தான். கடைசியில சேர்றாங்கன்னு எழுதினாங்க. உண்மையிலேயே கடைசியில சேர்றாங்க. நான் அவங்க காதைக் கேலி பண்ணேன். உங்க எல்லார் முன்னாடியும் அதுக்கு வருத்தப்படறேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “அப்போ கிருபை எந்தப் பக்கத்துலப்பா இருக்கு?” என்றது. அறை வெடித்துச் சிரித்தது. நெவிலின் காது சிவந்து சுட்டது. அவன் அதற்குத்தான் இரண்டு நாளாகப் பயந்திருந்தான். ஆனால் விசித்திரம், சிரிப்பு வந்து அவன்மேல் மோதியது, போய்விட்டது. அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். எதுவும் உடையவில்லை. விமர்சகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்தான்.

போதகர் அடுத்து விமர்சகரை அழைத்தார். வேல் வெறும் காலுறையோடு எழுந்தார். காலணி இன்னும் அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்தது.

“மிஸ்டர் பிரிண்ட்லி ரொம்ப நல்லவர்” என்றார். “நானும் அதே வரிசையிலதான் கேட்டேன்னு அவருக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்னாடி உள்ள வச்சு, யாருக்கும் கேக்காம சொன்னார். இங்க சொல்லியிருக்கலாம். சொல்லல. அவர் முப்பது தடவை கேட்டுட்டுத் தப்பாப் பாராட்டினார். நான் ஒரு தடவை கேட்டுட்டுத் தப்பாத் திட்டினேன். எது மோசம்னு உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் என் இதழ்ல இதை எழுதிடறேன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கிளிஃப் முகத்தை மூடிய விரல்களுக்கு நடுவே பார்த்துவிட்டு, “இவனுங்க ரெண்டு பேரும் சேர்ந்து சண்டையையே கெடுத்துட்டாங்களே” என்று உரக்கப் புலம்பினான்.

“அப்போ கேட்டுடுவோமா?” என்றார் போதகர்.

நெவில் கையால் ஒவ்வொன்றாக வைத்தான். சாவி. தட்டை எடுத்து மாற்றி, நாரை. திருப்பி, விளக்கு. அந்த விளக்குப் பக்கத்தின் முடிவில் மணி ஒன்று தனியாக ஒலித்து நிற்கும். இதுவரை அதை முடிவென்று நினைத்துத்தான் அவன் கண் கலங்கியிருக்கிறான். இன்று அது முடிவில்லை. அவன் அவசரம் அவசரமாகத் தட்டை மாற்றினான். செருப்புப் பக்கத்தில் அதே மணி மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை யாரோ கரையில் நடந்து வரும் தாளத்தோடு. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. அதனால்தான் அந்தத் தாளம் நொண்டியது! ஏன் நொண்டுகிறது என்று ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தான் நெவில். ஒரு மனிதன் வீட்டுக்கு நடந்து வருகிறான், அவ்வளவுதான். ஆர்கன் எழுந்தபோது குட்டி நாற்காலிகளில் ஒருவரும் அசையவில்லை. வேல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பாட்டு முடிந்தது. முதலில் பேசியது கிளிஃப்.

“எனக்கென்னவோ பழைய வரிசையே நல்லா இருந்துது” என்றான்.

அவ்வளவுதான், அறை பற்றிக்கொண்டது. பழைய வரிசை பிழை என்றான் ஒருவன். பிழையாக வந்தாலும் நல்லது நல்லதுதானே என்றான் இன்னொருவன். எண் போடாமல் படம் போட்ட குழுவின் குற்றம்தான் இது என்றாள் டார்பியிலிருந்து வந்த பெண். சரியான வரிசையில் கேட்டால் இது வெறும் கதை, தப்பாகக் கேட்டால்தான் புரோகிரஸிவ் என்று கிளிஃப் அடித்துச் சொன்னான். நேராகச் சொல்லத் தெரிந்தவன்தான் வளைத்துச் சொல்லலாம் என்று வேல் காலுறையோடு நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். கை தூக்கி வாக்கெடுக்கலாம் என்று போதகர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கொண்டு ஆர்கனைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லப் போய்விட்டார்.

நெவில் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிச் சமையலறைக்குள் கொண்டு போனான். பெரில் நுரைக்குள் முழங்கைவரை விட்டுக்கொண்டு நின்றார்.

“இங்க என்ன பண்றீங்க கண்ணு? அங்க உங்க பக்கம் தோத்துக்கிட்டு இருக்கு.”

நெவில் காதைக் கொடுத்துக் கேட்டான். கிளிஃபின் குரலும் வேலின் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. யார் எதற்காகப் பேசுகிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

“எது என் பக்கம்னே தெரியல” என்றான்.

பெரிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நுரை கையோடு வாயைப் பொத்தப் போய் மூக்கில் நுரை ஒட்டிக்கொண்டது. நெவிலும் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்காமல் சிரித்தான்.

“அப்போ இந்தத் துண்டைப் பிடிங்க” என்றார் பெரில். “கைப்பிடி பாத்து, உடைச்சிடாதீங்க. யாரோ கஷ்டப்பட்டு ஒட்டியிருப்பாங்க.”